நோயில்லாத குழந்தைகளைத் தேடிப் போனவர்

பேருந்தில் அவருக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு வரும் காலை நேரப் பேருந்தில் அது சாதாரண விஷயம் இல்லை. மடியில் நீல நிற ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மீனா?" என்று கேட்பார்கள்.

"இல்லைங்க. சின்னப் பசங்களோட மலம். டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்பார்.

கேட்டவர் முதலில் சிரிப்பார். நிஜம்தான் என்று புரிந்ததும் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மாதனூர் தாண்டியும் நின்றபடியே வருவார்.

"மருந்துன்னு சொல்லிட்டுப் போயேம்மா" என்று ஒருமுறை சொன்னேன்.

"மருந்துன்னா யாருக்குன்னு கேப்பாங்க. அதுக்கு ஒண்ணு சொல்லணும். பேஜாரு அண்ணா. உள்ளதைச் சொன்னா ஒரே கேள்வியோட முடிஞ்சிடுது."

நான் வேலூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் பிரிவில் டெக்னீஷியன். அவர் எங்கள் ஆய்வு ஒன்றுக்காக வீடு வீடாகப் போன களப்பணியாளர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பேரணாம்பட்டில் வளர்ந்தவர்; அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்தவர், அம்மா பீடி சுற்றியவர். பக்கத்து வீடுகளில் பேசிப் பேசியே உருது கற்றுக்கொண்டவர். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு இரண்டு வருடம் ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் மேசையில் இருந்திருக்கிறார். தையல் ஒரு நூலிழை விலகியிருந்தாலும் அந்த ஷூவைத் தனியே எடுத்து வைத்துவிடுவாராம். அதனால் லைனில் அவருக்கு நண்பர்கள் கம்மி என்று அவரே சொல்லியிருக்கிறார்.

எங்கள் ஆய்வைக் கேட்பவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சிரமம். நோயாளிகளைப் பற்றிய ஆய்வாக இருந்தால் எளிது. இது நோயே இல்லாத குழந்தைகளைப் பற்றியது. ஐந்து வயதுக்குள், நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தம் பாட்டுக்கு வாழ்கின்றன. அவற்றுக்குள், ஆன்டிபயாடிக் மருந்துகளை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுக்கும் மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குழந்தையின் மலம் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடத்துக்கு. கதவைத் தட்டி இதைக் கேட்பதுதான் அவர் வேலை.

ஆரம்பத்தில் ஒருநாள் அவரோடு நானும் போனேன். ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. குழந்தையின் அப்பா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கழுத்தில் அடையாள அட்டையோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வாசலிலேயே மறித்தார்.

"எம் புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே. நல்லா இருக்கிற புள்ளையை எதுக்கு டெஸ்ட் பண்றீங்க?"

"நல்லா இருக்கறதாலதான் சார் கேக்குறேன். உடம்பு முடியாத குழந்தைங்க ஆஸ்பத்திரிக்கு வந்துடுவாங்க. அவங்களைப் பத்தி டாக்டருக்குத் தெரிஞ்சிடும். நல்லா இருக்கிற குழந்தை வயித்துல இன்னா நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது."

"தெரிஞ்சா எங்களுக்கு இன்னா லாபம்?"

நான் ஏதோ பெரிதாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "இப்பைக்கு ஒண்ணும் இல்லை சார். ஆனா தெரிஞ்சா வந்து சொல்றேன்."

அந்த மனிதர் கையெழுத்துப் போட்டார். லாபம் ஒன்றும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியவரை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் படிவத்தில் இல்லாதது. அதை அவர் எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வேலையில் அவர் பிடிவாதம் எங்களுக்குச் சில நேரம் எரிச்சலைத் தரும். ஒருநாள் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஏழாவது டப்பாவைத் தூக்கிப் போட்டுடுங்க அண்ணா" என்றார். நிரம்பிய, மூடி சரியாக இருந்த, லேபிள் ஒட்டிய டப்பா.

"ஏன்?"

"அந்தப் பையனுக்கு ரெண்டு நாளா வெளிக்குப் போகலை. நான் மறுபடி அலையக் கூடாதேன்னு அவங்க அம்மா அண்ணனோடதைக் குடுத்திருக்காங்க. தெருமுனை வரைக்கும் வந்துட்டேன். பின்னாடியே ஓடி வந்து அவங்களே சொல்லிட்டாங்க. பாவம், எம் மேல இருக்கிற இரக்கத்துல செஞ்சது."

"ஒரே வீடு, ஒரே சாப்பாடு. பெரிய வித்தியாசம் இருக்காதும்மா."

"இருக்காதுன்னு தெரியுமா, இருக்காதுன்னு நினைக்கிறீங்களா?"

டப்பாவைத் தூக்கிப் போட்டேன். மறுநாள் மதியம் அவர் பேரணாம்பட்டு போய் சரியான டப்பாவோடு வந்தார்.

இரண்டாம் வருடம் முடிவுகள் வரத் தொடங்கின. ஆன்டிபயாடிக் பலமுறை சாப்பிட்ட குழந்தைகளிடம் எதிர்ப்பு மரபணுக்கள் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒருமுறைகூட அந்த மருந்துகளைத் தொடாத குழந்தைகளிடமும் இருந்தன. தாய்ப்பால் மட்டும் குடித்துக்கொண்டிருந்த ஆறு மாதக் குழந்தையிடமும் இருந்தன. அதை நான் சொன்னபோது அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மருந்தே சாப்பிடாத குழந்தைக்கு எங்கிருந்து வந்துச்சு?"

"அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். தண்ணி, கை, சாப்பாடு, ஆடு மாடு, கோழி. இந்தக் குழந்தைக்கு இதுலேருந்துதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது."

"அது அந்தக் குழந்தையை இன்னா பண்ணும்?"

"இப்ப ஒண்ணும் பண்ணாது. சில கிருமிங்களுக்கு மருந்தை உடைக்கத் தெரியும். எப்படி உடைக்கறதுங்கற குறிப்பு அதுக்குள்ள இருக்குது. அந்தக் குறிப்பைப் பக்கத்துல இருக்கிற வேற கிருமிக்கும் குடுத்துடும். என்னைக்காவது குழந்தைக்கு நிஜமாவே நோய் வந்து, அந்தக் குறிப்பு வச்சிருக்கிற கிருமியாலயே வந்துச்சுன்னா, குடுக்கிற மருந்து வேலை செய்யாது."

ஸ்டூலிலிருந்து எழுந்தார். பிறகு, "இதை அந்த அம்மாங்ககிட்ட யார் சொல்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நேராக ஆய்வின் தலைமை மருத்துவரிடம் போனார். நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிடுவோம், கண்டிப்பானவர், நியாயமானவர். அவர் பொறுமையாகவே விளக்கினார். இது நோய் இல்லை, இதற்குச் சிகிச்சையும் கிடையாது. சொன்னால் பயப்படுவார்கள், பயந்தால் மருந்துக் கடைக்குத்தான் ஓடுவார்கள். தனித்தனியாக முடிவு சொல்லமாட்டோம் என்று படிவத்திலேயே இருக்கிறது.

"படிவத்துல இருக்குது மேடம். ஆனா நான் வாயால சொன்னது வேற. தெரிஞ்சா வந்து சொல்றேன்னு சொன்னேன்."

"நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"ஆமா, தப்புதான். ஆனா சொல்லிட்டேன். அவங்க அதை நம்பித்தான் கதவைத் திறந்தாங்க."

"எழுதிக் குடு, குழுவுக்கு அனுப்பிப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா. அடுத்த வாரம் அவர் ஒரு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்தார். தமிழில், நாலு பக்கம். ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு அது போனது, திரும்பி வந்தது, திருத்தி மறுபடி போனது. நாலு மாதம் ஆயிற்று. எந்தக் குழந்தையின் முடிவையும் தனியாகச் சொல்லக் கூடாது, பொதுவாகக் கண்டுபிடித்ததை அம்மாக்களைக் கூட்டிச் சொல்லலாம் என்று அனுமதி கிடைத்தது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

முதல் கூட்டம் ஆம்பூர் ஓரத்தில் ஒரு அங்கன்வாடியில் நடந்தது. நன்றாக நடந்தது என்று சந்தோஷமாக வந்து சொன்னார். பத்து நாள் கழித்து, எங்கள் ஆய்வில் இருந்த ஜெனி என்ற குழந்தையின் அம்மா ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார்.

ஷூ கம்பெனியின் நீல ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல், பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஜெனிக்கு நாலு வயது. அந்த அம்மாவின் குரல் ஏறவே இல்லை.

"எம் பொண்ணுக்கு இன்னா இருக்குதுன்னு சொல்லுங்க. அங்கன்வாடியில தனியா உக்கார வைக்கிறாங்க. தனி டம்ளர். மத்த அம்மாங்க அவகூட விளையாடாதேன்னு பசங்களை இழுத்துட்டுப் போறாங்க. மருந்துக்குச் சாவாத கிருமி அவகிட்டதான் இருக்குதாம்."

"ஜெனிகிட்டன்னு யாரு சொன்னாங்க?" என்று, பெட்டியோடு வந்திருந்த எங்கள் களப்பணியாளர் கேட்டார்.

"யாரு சொல்லணும்? எல்லா வீட்டுக்கும் ஒருவாட்டி வந்தீங்க. எங்க வீட்டுக்கு மட்டும் ஒரே வாரத்துல மூணுவாட்டி வந்தீங்க. ஊரு பாத்துட்டுத்தானே இருக்குது?"

மூன்று முறை போனதற்குக் காரணம் எனக்கும் தெரியும். முதல் டப்பாவின் மூடி கசிந்திருந்தது. இரண்டாவது முறை பெட்டியில் ஐஸ் உருகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதையே கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் மூன்றாவது முறையும் போனார். வேலையில் அவர் காட்டிய அந்தச் சுத்தம்தான் ஒரு குழந்தையைத் தனியாக உட்கார வைத்திருந்தது.

ஜெனியின் அம்மாவிடம் மூடி, ஐஸ் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி அனுப்பினோம். அவர் நம்பினார். ஊர் நம்பவேண்டுமே.

"ஜெனிகிட்ட அது இல்லைன்னு போய்ச் சொல்லிடும்மா. முடிஞ்சிடும்" என்றேன். மாதிரிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் ஜெனி என்று எனக்கே தெரியாது. ஒரு குழந்தைக்காக ஒரு பொய் சொன்னால் என்ன என்று அப்போது நிஜமாகவே நினைத்தேன்.

"ஜெனிக்கு இல்லைன்னா, அப்ப யாருக்குன்னு தேடுவாங்க அண்ணா. நாளைக்கு இன்னொரு குழந்தை தனியா உக்காரும்."

அன்று மாலை கிளம்பும்போது மேசையிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்துக்கொண்டார். "இது எனக்கு" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. டாக்டரம்மாவிடம் கேட்காமல் செய்ய முடியாது என்றேன். கேட்டார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "என்னுடையதையும் சேர்த்துப் பாருங்க. ஆய்வுக் கணக்குல வேணாம், தனியா" என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஒரு டப்பா எடுத்துக்கொண்டேன்.

மூவரிடமும் இருந்தது. களப்பணிக்குப் போன அவரிடம்தான் ஜாஸ்தி. தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் ஜாஸ்தி?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் இரண்டாவதாக ஒரு கூட்டம் கூட்டினார்; அதற்கு நானும் போனேன். அங்கன்வாடியில் பாயில் இருபது அம்மாக்கள், வாசலில் நாலைந்து ஆண்கள். ஜெனியின் அம்மா கடைசியில் சுவரோரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் களப்பணியாளர் முன்னால் நின்றுகொண்டு தாளைப் பிரித்துப் படித்தார். தமிழிலும் உருதுவிலும்.

"இது என்னோட ரிப்போர்ட். எங்கிட்ட இருக்குது. எங்க டாக்டரம்மாகிட்ட இருக்குது. இதோ உக்காந்திருக்காரே, டெஸ்ட் பண்றவரு, இவர்கிட்டயும் இருக்குது. ஜெனிகிட்ட இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. அவங்க வீட்டுக்கு மூணுவாட்டி போனது என் டப்பா சரியில்லாததால. அது என் தப்பு. நம்மள்ல அது இல்லாதவங்க யாருன்னு தேடினாத்தான் கண்டுபிடிக்கக் கஷ்டம்."

ஓர் அம்மா கேட்டார்: "எல்லார்கிட்டயும் இருந்தா அப்புறம் எதுக்குப் பயப்படணும்? விட்டுட வேண்டியதுதானே?"

"பயப்பட வேணாம். சும்மாவும் விட வேணாம். சளி புடிச்சா மெடிகல் ஷாப்புல ரெண்டு ஆன்டிபயாடிக் மாத்திரை குடுன்னு வாங்கறோமே, அதுக்கு சளி போகாது. ஆனா வயித்துல இருக்கிற சாது கிருமிங்க செத்துப் போய்டும். மருந்தை எதிர்க்கத் தெரிஞ்சது மட்டும் தங்கி, பெருகும். டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் சாப்பிடுங்க, அவர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்க. வெளிக்குப் போய்ட்டு வந்தா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. தனி டம்ளர்னு ஒண்ணு யாருக்கும் தேவையில்லை."

வாசலில் நின்ற ஒருவர், "ரிப்போர்ட் எல்லாம் நீங்களே எழுதிட்டு வந்திருப்பீங்க" என்றார். இவர் தாளை அந்த ஆளிடமே நீட்டினார். அந்த ஆள் வாங்கவில்லை. கூட்டம் முடிந்தது. நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் மனம் மாறி எழுந்து வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, பாயைத் தட்டிவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அங்கன்வாடியில் பாதிக் குழந்தைகள் வரவில்லை.

அப்போது அவர் செய்ததை அங்கன்வாடிப் பணியாளர் பிறகுதான் எனக்குச் சொன்னார். காலை ஒன்பது மணிக்கு வந்து, ஜெனிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டாராம். பாட்டுப் பாடவில்லை, பொம்மை கொண்டு வரவில்லை. குழந்தைகளோடு சேர்ந்து சத்துமாவு உருண்டை சாப்பிட்டுவிட்டு, கை கழுவிவிட்டு, பத்து மணிக்குத் தன் வேலைக்குக் கிளம்பிப் போவாராம். இப்படி எட்டு நாள். எங்களுக்குத் தெரியாது, பெட்டி மட்டும் வழக்கமாக வரும் பேருந்தில் வராமல் அடுத்த பேருந்தில் வந்துகொண்டிருந்தது. லேட்டாகிறதே என்று நான்கூட ஒருநாள் கடிந்துகொண்டேன். "இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணா" என்றார்.

ஒன்பதாம் நாள், தனி டம்ளர் கேட்டு முதலில் சண்டை போட்ட பெண்மணி தன் பையனோடு வந்தாராம். ஏதும் பேசாமல் பையனை ஜெனிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, அவரைப் பார்த்து, "நீ வேலைக்குப் போம்மா. தினம் இங்க வந்து உக்காந்தா உன்னை நிறுத்திடப் போறாங்க" என்றாராம்.

வேலை எப்படியும் நின்றுதான் போயிற்று. ஆய்வின் காலம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்தது. கடைசி மாதத்தில் அவர் கூட்டங்களுக்கு வராத வீடுகளைத் தேடித் தேடிப் போனார். வாலாஜாபேட்டைக்குக் குடிமாறிய ஒரு குடும்பத்தை இரண்டு முறை போய்க் காணாமல், மூன்றாம் முறை கண்டுபிடித்தார். போய் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அதான், எல்லாருக்கும் சொன்னதுதான். அவங்க டீ குடுத்தாங்க" என்றார். அவ்வளவுக்குத்தான் மூன்று முறை.

பிறகு அவர் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியின் முதலுதவி அறையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நானும் ஆய்வுப் பிரிவிலிருந்து நோயாளிகளின் மாதிரிகளைப் பரிசோதிக்கும் பிரிவுக்கு மாற்றலானேன்.

போன வருடம் ஒருநாள் மதியம் ஜெனியின் அம்மா மறுபடி வந்தார். அதே நீல ஓவர்கோட். டிபன் கேரியரைத் திறந்தார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மூடி இறுக்கிய ஒரு சிறுநீர் பாட்டில் நின்றது.

"ஜெனிக்கு நேத்துலேருந்து ஜுரம். ஒண்ணுக்குப் போகும்போது எரியுதுன்னு அழுவுறா. ஊர்ல டாக்டர் மருந்து எழுதிட்டாரு. கூட்டத்துக்கு அப்புறம் அந்தம்மா சொல்லிக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. முதல் வேளை குடுக்கறதுக்கு முன்னாடி சாம்பிள் எடுக்கணும் சார், சீட்டு எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். அப்புறம் பாத்துக்கலாம்னாரு. நான் எந்திரிக்கலை. எழுதிக் குடுத்துட்டாரு. சாம்பிள் எடுத்துட்டுத்தான் மருந்து குடுத்தேன்."

கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது மடங்குகிறது என்று பார்க்க இரண்டு நாள் ஆகும். இரண்டாம் நாள் காலை கிருமி வளர்த்த தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து தோய்ந்த வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வளையம் இருந்தால் அந்த மருந்து கேட்கும். ஊர் டாக்டர் எழுதியிருந்த மருந்தைச் சுற்றி வளையமே இல்லை. இன்னும் இரண்டைச் சுற்றியும் இல்லை. நாலாவதைச் சுற்றி நல்ல அகலமான வளையம். டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் ஆம்பூர் டாக்டருக்கே போன் செய்து பேசினார். அன்றைக்கே மருந்து மாற்றப்பட்டது. இரண்டு நாளில் ஜெனிக்கு ஜுரம் இறங்கியது.

இது அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. போன் செய்தேன். பின்னணியில் மெஷின்களின் சத்தம் கேட்டது. இதைச் சொல்ல ஜெனியின் அம்மா அனுமதி கொடுத்ததையும் சேர்த்து, டிபன் கேரியர், வளையம், ஜுரம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார், அழுதாலும் அழுவார் என்று நினைத்தேன்.

"அண்ணா, மருந்து மாத்தணும்னு தெரிஞ்சதும் முதல்ல யாருக்குச் சொன்னீங்க?"

"டாக்டரம்மா ஆம்பூர் டாக்டர்கிட்ட பேசினாங்க. நான் அதே நேரத்துல ஜெனி அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். எந்த மருந்து, ஏன் மாத்தறோம்னு எல்லாம் சொல்லிட்டேன்."

"அவங்களுக்குப் புரிஞ்சுதா?"

"திருப்பிச் சொல்லச் சொன்னேன். சரியாச் சொன்னாங்க."

"அப்பச் சரி" என்றார். "இங்க ஒரு பொண்ணு விரல்ல ஊசி ஏறிடுச்சுன்னு வந்திருக்குது. வச்சிடறேன் அண்ணா."